உன் அப்பா செய்த டூல் போஸ்ட்

தம்பி,

மாலதி போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். தபாலில் போட்டிருக்கலாம்; அவள் பட்டர்வொர்த் வரை பஸ்ஸில் வந்து, பெர்ரி ஏறி, உங்கள் கல்யாணப் பத்திரிகையைக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தாள். நீ அனுப்பி வரவில்லை என்பது அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. பத்திரிகையைப் படித்தேன். நிபோங் திபால் பெரியப்பாவும் பெரியம்மாவும் அழைக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பதினைந்து வயதிலிருந்து உனக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்தவர்கள் அவர்கள்தான். மாலதிக்குத் தோசை சுட்டுக் கொடுத்தேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே பின்கட்டைப் பார்த்தாள், அங்கே துணி போட்டு மூடியிருக்கும் லேத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத் தெரிந்த பெண். ஆனால் அவள் போகும்போது வாசலில் நின்று ஒரு விஷயம் சொன்னாள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய். "நீங்க வீட்டுல இருந்திருந்தா?" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் நீயும் மறுபடி கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன். நீளமாக இருக்கும். உட்கார்ந்து படி.

உன் அப்பாவுக்குக் கை போனபோது நீ முதலாம் வகுப்பு. அவர் பிறை ஊரில் டின் டப்பா செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பிரஸ் ஓட்டினார். தகட்டை உள்ளே வைப்பார், கால் மிதியை அழுத்துவார், பிரஸ் இறங்கும், ஏறும், எடுப்பார். அன்றைக்கு அவர் மிதிக்காமலே அது இன்னொரு தடவை இறங்கியது. இடது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் எஸ்டேட் கால்பந்துக் குழுவுக்குக் கோல்கீப்பர். பெண் பார்க்க வந்தபோது என் அண்ணன் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னதே அதுதான், "பந்து அந்தக் கையத் தாண்டாது" என்று. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்று அவர் அந்தக் கையை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு போர்வைக்குள் வைத்துக்கொண்டார். என்னிடம், "தம்பி பயந்துடுவான், நீளக் கை சட்டை கொண்டா" என்றார்.

நஷ்டஈடாக வந்ததில் அந்த லேத்தை வாங்கினார். சீனருடைய பட்டறை ஒன்றில் பெரிய மெஷின் வந்ததும் இதை ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். சின்னது, ஒரு கட்டிலின் அகலம்கூட இருக்காது. கடைவீட்டின் பின்கட்டில், சமையலுக்கும் குளிக்கும் இடத்துக்கும் நடுவில், வானம் தெரியும் அந்த இடத்தின் ஓரமாக வைத்தார். வேலை வந்தது. படகு மோட்டாருக்கு ஷாஃப்ட், ரொட்டிக் கடை மாவு மெஷினுக்குப் புஷ், மோட்டார் சைக்கிள் கடைக்கு ஏதாவது. அவர் கணக்கில் தப்பு வராது என்று பேர் இருந்தது. சுற்றுவதெல்லாம் வலது கைதான், அதனால் மெஷினை ஓட்ட அவருக்குச் சிரமம் இல்லை. சிரமம் டூலை மாற்றுவதில்தான் வந்தது.

நீ டெக்னீசியன், உனக்கு இது தெரியும். ஆனால் உன் தொழிற்சாலையில் இருக்கும் மெஷின் வேறு, எங்களுடையது வேறு. எங்கள் லேத்தில் டூலைப் பிடிக்க ஒரு பழைய சதுரக் கட்டை. அதன் இடுக்கில் டூலை வைக்க வேண்டும். முனை சரியாக நடு உயரத்துக்கு வர அடியில் மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் சொருக வேண்டும். டூலும் தகடும் நழுவாமல் ஒரு கை பிடித்திருக்க, இன்னொரு கை ஸ்பேனரால் போல்ட்டை இறுக்க வேண்டும். இறுக்கியதும் முனை கொஞ்சம் இறங்கிவிடும். மறுபடி தளர்த்து, இன்னொரு தகடு வை, மறுபடி இறுக்கு. ஒரு சாமான் முடிவதற்குள் இதைப் பல தடவை செய்ய வேண்டும், ஏனென்றால் முகம் சீவ ஒரு டூல், உடம்பு கடைய ஒன்று, மரை போட ஒன்று, துளைக்கு ஒன்று. இரண்டு கை இருப்பவனுக்கே எரிச்சல் வரும். அவருக்கு அந்தப் பிடிக்கிற கைதான் இல்லை.

நான் அப்போது பாயான் லெப்பாஸில், எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில், மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து மயிரைவிட மெல்லிய கம்பியை ஒட்டும் வேலை. ஷிப்ட் முடிந்து பேக்டரி பஸ்ஸில் வந்து இறங்கினால், அவர் மெஷின் முன்னால் முக்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பார். வேலை பாதியில் நிற்கும். நான் வந்து டூலைப் பிடிக்க வேண்டும் என்று காத்திருப்பார். "வந்துட்டியா" என்பார். உடுப்பு மாற்றாமல் போய்ப் பிடிப்பேன். ஒரு நாள் வந்தபோது அவர் சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். டூலைத் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இறுக்கப் பார்த்திருக்கிறார். ஸ்பேனர் வழுக்கி, டூல் நழுவி, கழுத்துக்குக் கீழே கிழித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தால் தொண்டை. நான் துடைத்துக்கொண்டிருந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வேலைய விட்டுடு."

விட்டேன். அங்கே என்னோடு வரிசையில் உட்கார்ந்தவள் ஜமீலா. "ஏன் கா, நீங்கதானே லைன்ல நம்பர் ஒன்னு" என்று அழுதாள். நான் அழவில்லை. நியாயம்தானே என்று நினைத்தேன். ஆனால் தம்பி, மற்றொருத்தருக்குக் கையாக இருப்பது என்றால் என்ன என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அடுப்பில் குழம்பு கொதிக்கும், "இந்தா" என்று குரல் வரும், போய்ப் பிடிக்க வேண்டும். குளித்துக்கொண்டிருப்பேன், "இந்தா". உனக்குத் தலை வாரிக்கொண்டிருப்பேன், "இந்தா". நான் ஒரு நிமிஷம் தாமதித்தால் அவர் தாடை இறுகும். நான் தகட்டை ஒரு நூல் தள்ளிப் பிடித்தால், "கண்ணு எங்க இருக்கு?" என்பார். மைக்ரோஸ்கோப்பில் வேலை செய்த கண். எனக்குக் கோபம் வரும். அவருக்கு என் கை தேவைப்படத் தேவைப்பட அந்தக் கையைப் பார்க்கவே பிடிக்காமல் போனது. எனக்கு அந்தக் குரல் பிடிக்காமல் போனது. நாங்கள் ஒருவரை ஒருவர் வெறுக்கத் தொடங்கியிருந்தோம். பக்கத்துப் பக்கத்தில் தோள் இடிக்க நின்றுகொண்டுதான். உன் முன்னால் சண்டை போட்டதில்லை, அதனால் உனக்கு அது ஒற்றுமையாகத் தெரிந்திருக்கும். மாலதிக்கும் உனக்கும் கஷ்டம் வரும், எல்லாருக்கும் வரும். அப்போது ஒருவர் இன்னொருவருக்கு முழுசாகக் கையாகவோ காலாகவோ ஆகிவிடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

தெலுக் கும்பாரிலிருந்து ஒரு படகு முதலாளி வருவார், தவுக்கே என்று கூப்பிடுவோம், உனக்கு நினைவிருக்கும், உனக்கு இறால் வடை வாங்கிவருவாரே, அந்தச் சீனர். நல்ல மனுஷன். ஒரு நாள் நாங்கள் இரண்டு பேரும் டூல் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், மலாயில் வேடிக்கையாகச் சொன்னார்: "உன் பொண்டாட்டிதான் இங்க தவுக்கே, நீ கூலி லா." அப்பா சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு அப்பா மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போனார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் ஒரு பழைய லாரி ஆக்சில் துண்டைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். சுங்கை பினாங்கு பக்கத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து.

"என்னங்க அது?"

"டூல் போஸ்ட் செய்யப் போறேன். ஒத்தக் கையால மாத்தற மாதிரி."

எனக்கு அவர் சொன்னது புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு என் வாயில் வந்தது இதுதான்: "அது செஞ்சிட்டா நான் வேலைக்குப் போலாமா?"

அவர் ஆக்சில் துண்டைத் தரையில் இறக்கி வைத்தார். துருவைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "போ" என்றார்.

இதை நீ கவனித்துப் படிக்க வேண்டும், தம்பி. நான் அவரை விட்டுவிட்டு ஓடினேன் என்று பெரியப்பா சொன்னார். ஓடவில்லை. பேசி முடிவு செய்தது. அவருக்கு என் கை வேண்டாம். எனக்கு அந்த மெஷின் பக்கத்தில் நிற்க வேண்டாம். இரண்டு பேரும் ஒரே சாமானைத்தான் விரும்பினோம். அதைச் சேர்ந்து செய்தோம்.

அவர் யோசித்தது எளிமையானது. சதுரக் கட்டையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் உருண்டையாக ஒரு தூண். ஒவ்வொரு டூலுக்கும் தனியாக ஒரு இரும்புக் கட்டை, அதில் தூணுக்குச் சரியான ஒரு துளை. கட்டையைத் தூணில் மாட்டினால் மோதிரம் மாதிரி இறங்கி உட்காரும். கட்டையின் ஓரத்தில் ஒரு திருகு கீழே போய் அடித்தகட்டில் முட்டி நிற்கும், அதுதான் உயரம். ஒரு தடவை வைத்துவிட்டால் பிறகு தகடே வேண்டாம். துளையிலிருந்து வெளியே ஒரு வெட்டு, அந்த வெட்டை நெருக்கிப் பிடிக்க ஒரு கைப்பிடி. கைப்பிடியைத் திருப்பினால் கட்டை தூணைக் கவ்விக்கொள்ளும், திரும்பத் திருப்பினால் விட்டுவிடும். அவ்வளவுதான். ஆனால் ஒரு கையால் மாற்றுகிற அந்தச் சாமானைச் செய்து முடிக்க மூன்று கை வேண்டியிருந்தது.

வெளிவேலை இல்லாத நேரமெல்லாம் அதில் போனது. ஆக்சில் இரும்பு கல் மாதிரி. டூல் முனை மழுங்கிக்கொண்டே இருந்தது, பெல்ட் வழுக்கிப் புகைந்தது, அவர் தீட்டுவார், நான் பிடிப்பேன், அவர் இறுக்குவார். தூண் முடிந்தது. முதல் கட்டையில் துளை குடையும்போது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெட்டிவிட்டுத் தூணை வைத்துப் பார்த்தார். இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம். இறங்கவில்லை. நான் சொன்னேன், "போதும்ங்க, இனிமே உப்புத்தாளால தேச்சுப் பாக்கலாம்." அவர் கேட்கவில்லை. இன்னொரு வெட்டு வெட்டினார். தூண் உள்ளே போய்க் கடகடவென்று ஆடியது. கைப்பிடியை இறுக்கினாலும் கட்டை அசைந்தது. அத்தனை நாள் வேலை. அவர் அதை எடுத்துச் சுவரில் எறிந்தார். காரை பெயர்ந்து விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பிரம்பு நாற்காலி பின்னும் ஆ சேக் பயந்துபோய், "அப்பா? அப்பா ஜாடி?" என்று என்ன ஆயிற்றென்று மலாயில் கத்தினார். அந்தச் சுவர் அப்படி. இங்கே இருமினால் அங்கே கேட்கும். நான்தான், "ஒண்ணுமில்ல ஆ சேக், சாமான் விழுந்துடுச்சு" என்றேன்.

இரண்டாவது கட்டைக்கு அவர் என்னைத் தூணைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். முதல் தடவையாக. "நீ பாரு. உன் கைக்குத் தெரியும்" என்றார். நான் தூணை எண்ணெய் தொட்டு விட்டேன். உள்ளே போய், மூச்சுவிடுகிற மாதிரி மெல்லக் காற்றைத் தள்ளிக்கொண்டு இறங்கியது. இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. அப்புறம் வெட்டுப் போட வேண்டும். ஹேக்ஸா ரம்பத்தின் பிடி அவர் கையில், முன் முனை என் கையில். எதிரும் புதிருமாக நின்று இழுத்தோம். அவர் தள்ளும்போது நான் விட வேண்டும், நான் இழுக்கும்போது அவர் விட வேண்டும். ஒருவர் அவசரப்பட்டால் பிளேடு ஒடியும். பல பிளேடு ஒடிந்தது. ஆனால் எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் சரியாக இருந்த நாட்கள் என்று கேட்டால், நான் அந்த நாட்களைத்தான் சொல்வேன். வியர்வை சொட்ட அவர் நிமிர்ந்து, "கை வலிக்குதா?" என்று கேட்பார். "இல்ல, இழுங்க" என்பேன்.

முடிந்த அன்று நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். அவர் கட்டையைத் தூணில் இறக்கினார். பழக்கதோஷம், டூலைப் பிடிக்க என் கை தானாக நீண்டது. "கைய எடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கைப்பிடியைத் திருப்பினார். மெஷினைப் போட்டார். சீவல் நீலமாகச் சுருண்டு வந்தது. நிறுத்தினார், கைப்பிடியைத் தளர்த்தினார், கட்டையைத் தூக்கினார், அடுத்ததை இறக்கினார், திருப்பினார். மறுபடி. மறுபடி. ஒரே கையால். நான் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் நான் அங்கே நிற்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. சந்தோஷமாக இருந்தது. கூடவே, சொந்த வீட்டிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவள் மாதிரியும் இருந்தது. அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தேன்.

கட்டைகளை வைக்க ஒரு பலகையில் முளைகள் அடித்தார். ஒவ்வொன்றுக்கும் அதன் இடம். நான் மறுபடி பேக்டரி பஸ் ஏறினேன். அடுத்து வந்த வருஷங்கள் உனக்கு நல்ல காலமாகத்தான் நினைவிருக்கும். இரண்டு சம்பாத்தியம், உனக்குப் புதுச் சைக்கிள், ஞாயிறானால் பீச். எனக்கும் பாதி அப்படித்தான். மீதிப் பாதி என்னவென்றால், "இந்தா" என்ற அந்தக் குரல் நின்றுபோனது. நான் எதை வெறுத்தேனோ அது நின்றுபோனது, அதோடு மற்றதும் நின்றுபோனது. அவர் யாரையும் எதற்கும் கூப்பிடுவதில்லை. சட்டைப் பட்டனைத் தானே போடப் பழகினார். மேல் தட்டில் இருக்கும் மாவு டின்னைத் தானே இறக்கினார். காய்ச்சல் வந்தால் தானே கிளினிக் போய்வருவார், மாத்திரையைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். தோளைத் தேய்த்துக்கொள்வார். "என்னங்க?" என்றால், "கைப்பிடி இறுக்கறது" என்பார். ஒரு தடவை மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்திருந்தார். "சும்மா காத்து வாங்கறேன்" என்றார். மாடிப்படியில் என்ன காற்று?

அன்றைக்கு எனக்குக் காலை ஷிப்ட். நீ மூன்றாம் படிவம். நீதான் பள்ளிவிட்டு வந்து முதலில் பார்த்தாய். அவர் லேத்தின் காலில் முதுகைச் சாய்த்து, தரையில், கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். நீ ஆ சேக்கைக் கூட்டிவந்தாய், ஆ சேக் வேன்காரனைக் கூட்டிவந்தார். என்னை லைனிலிருந்து எழுப்பி விஷயத்தைச் சொன்னபோது பேக்டரி பஸ் வர வெகுநேரம் இருந்தது. ஜமீலாவின் தம்பி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். பெரியப்பா பின்னாலிருந்து, "கையில்லாத மனுஷன மெஷினோட தனியா உட்டுட்டுப் போயிட்டா" என்றார். மெஷின் அவரைக் கொன்றது என்று ஆகிவிட்டது. சட்டை மாட்டியிருக்கும், ஷாக் அடித்திருக்கும் என்று ஆளுக்கு ஒன்று. டாக்டர் இருதயம் என்று சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. வீட்டில் யாரோ அந்த லேத்தின் மேல் போர்வையைப் போட்டு மூடினார்கள். அதன் பக்கத்தில் யாரும் போகவில்லை.

கடலில் அஸ்தி கரைத்த மறுநாள், நீயும் பெரியப்பாவும் மாடியில் உன் துணிமணியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, நான் அந்தப் போர்வையை எடுத்தேன். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவருக்கு மெஷினால் ஏதாவது ஆனதா, கடைசியில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று. அத்தனை காலம் பக்கத்தில் நின்றவள், எனக்கு அது தெரியும்.

சாமானைக் கவ்வும் சக்கில் தெலுக் கும்பார் தவுக்கேயின் பம்பு ஷாஃப்ட் இருந்தது. கடைசி வெட்டு பாதி தூரம் வந்து நின்றிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் பளபளப்பு, அந்தப் பக்கம் கரடு. உன் அப்பா வெட்டை நடுவில் நிறுத்துகிற ஆள் இல்லை. வலி அங்கேதான் வந்திருக்கிறது. ஆனால் சுவிட்ச் அணைத்திருந்தது. டூல் மாட்டும் தூணைச் சாமானிடமிருந்து ஓரமாக நகர்த்தி வைத்திருந்தார். தூண் காலியாக இருந்தது. அந்தக் கட்டை பலகையில், அதன் முளையில், சீவல் இல்லாமல் பிரஷ்ஷால் துடைத்து வைத்திருந்தது. புரிகிறதா தம்பி? அவர் வலியோடு மெஷினை நிறுத்தி, கைப்பிடியைத் தளர்த்தி, கட்டையைத் தூக்கி, துடைத்து, அதனிடத்தில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு தரையில் உட்கார்ந்திருக்கிறார். நேரம் இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் சுவரில் ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். வாயைத் திறந்து "ஆ சேக்" என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம்.

ஆ சேக்கிடம் போய்க் கேட்டேன். அவர் காலையிலிருந்து அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே பிரம்பு பின்னிக்கொண்டிருந்தாராம். மெஷின் நின்றது கேட்டதாம். தேத்தண்ணி குடிக்கிறார் போல என்று நினைத்தாராம். பிறகு கிழவர் அழத் தொடங்கினார். "தா பாங்கில்," என்றார். "தியா தா பாங்கில்." அவன் கூப்பிடவில்லை, கூப்பிடவே இல்லை.

நான் திரும்பி வந்தபோது தவுக்கே வாசலில் நின்றிருந்தார். படகு கரையில் கிடக்கிறது, ஷாஃப்டை அப்படியே எடுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போக வந்திருக்கிறார், கேட்க வாய் வரவில்லை. நான் அவரைக் கொஞ்சம் நிற்கச் சொன்னேன். அந்தக் கட்டையை எடுத்துத் தூணில் இறக்கினேன், கைப்பிடியைத் திருப்பினேன், ஏற்கனவே கடைந்த பக்கத்தில் முனை லேசாகத் தொடும்வரை கொண்டுவந்து வைத்து, மெஷினைப் போட்டேன். மீதி வெட்டை முடித்தேன். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நீ மாடியிலிருந்து இறங்கி வந்து பின்கட்டு வாசலில் நின்றாய், கையில் பையோடு. என்ன பெண் இவள் என்று நினைத்திருப்பாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. டூல் ஓடிக்கொண்டிருந்தது, அதோடு என் முகத்தை நீ பார்ப்பதை நான் விரும்பவில்லை. மெஷினை நிறுத்தித் திரும்பியபோது நீ இல்லை. பெரியப்பாவின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

பெரியப்பா வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அவரிடம் என்ன கேட்பாய் என்று யோசித்தேன். பக்கத்தில் ஆள் இருந்தும் கூப்பிடாமல் உட்கார்ந்த அப்பாவிடம், "நான் பள்ளிவிட்டு வந்து பார்ப்பேன் என்று உங்களுக்குத் தெரியாதா" என்று கேட்பாய். பதில் சொல்ல அவர் இல்லை. உயிரோடு இருக்கிற என்னைக் கோபித்துக்கொள்வது உனக்குச் சுலபம் என்று விட்டுவிட்டேன். அவர் சாக வேண்டும் என்று உட்கார்ந்தாரா, கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது. நினைத்துப் பார்க்காத நாள் இல்லை. தெரியாது.

உன் கேள்விக்குப் பதில் இதுதான். நான் வீட்டில் இருந்திருந்தால், அப்போதும் அவர் கூப்பிட்டிருக்க மாட்டார். ஆனால் நான் பார்த்திருப்பேன். பார்த்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார். அதை நான் மறைக்கவில்லை. அதற்காக நான் வேலைக்குப் போனது தப்பு என்றும் சொல்ல மாட்டேன். யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

மாலதி வாசலில் நின்று சொன்னதை இப்போது எழுதுகிறேன். போன வருஷம் உனக்கு டெங்கிக் காய்ச்சல் வந்து, ஜொகூரில் உன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிடந்தாயாம். கூட இருந்த பையன் கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு போனானாம். ஏன் கூப்பிடவில்லை என்று அவள் கேட்டதற்கு, "எதுக்குத் தொந்தரவு" என்றாயாம். "அவருக்கு நான் வேணுமா வேண்டாமான்னே தெரியல ஆண்ட்டி, பயமா இருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது அவளிடம் இல்லை.

உடம்புக்கு முடியவில்லை என்றால் கூப்பிடு, தம்பி. மாலதியைக் கூப்பிடு. அவள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடு, ரோட்டில் போகிறவனைக் கூப்பிடு. வெட்கமாக இருந்தாலும் சத்தம் போட்டுக் கூப்பிடு. கேட்டும் வராதவர்கள் வராமல் போகட்டும், அது அவர்கள் பாடு.

அம்மா